கம்பவுண்டருக்குக் கொண்டுவந்த கொய்யா

திண்டுக்கல்,
9-8-1961

அன்புள்ள அம்மாவுக்கு, கிறிஸ்துராஜின் வணக்கம். உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா? நான் சுகம்.

பென்சிலினை வெளியில் விற்றுவிட்டு, நோயாளிகளுக்கு வெறும் தண்ணீரை ஊசி போட்ட ஒரு கம்பவுண்டர்மேல் நேற்று அரசுத் தரப்பில் வழக்கு நடத்தினேன். கன்னிவாடி வெள்ளைத்தாய் என் சாட்சி. ஆளைக் காட்டச் சொன்னதும் குற்றவாளிக் கூண்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இந்த ஐயாதான். எம்புருசனுக்குத் தவறாம ஊசி போட்டாரு. அவரு போய்ச் சேந்ததுக்கு இவரு என்ன செய்வாரு?"

கம்பவுண்டருக்காகப் பேச வந்ததாகவே நினைத்திருக்கிறார். அது தண்ணீர் என்று வெளியே வந்து நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கென்று மடியில் கட்டி வந்த கொய்யாப்பழங்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஓட்டல் சோறு இறங்கவில்லை. நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உங்களுக்கு ஊசி போட வருபவர் எவ்வளவு நல்லவரானாலும், மருந்தைப் புட்டியிலிருந்து உங்கள் கண் முன்னே எடுக்கச் சொல்லுங்கள்.