அக்கா, யார் இந்தப் பெரிய மாமா?

என் பிரியமுள்ள தனபாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தவரைக்கும் உனக்கு ஒரு வரி எழுதாத கை, இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறது. என்ன வெட்கங்கெட்ட கை பார். இதை ஆவடியில் மாதப் பத்திரிகை நடத்துகிற ஒருவரிடம் கொடுத்து அச்சில் போடச் சொல்லப்போகிறேன். உன் காதுக்கு எட்டாது, தெரியும். இந்தத் தின்னனூர்க்காரன்கள் காதுக்காவது எட்டட்டும்.

முதலில் உன் வீட்டுக்காரர் சங்கதி. மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி துரை லீவில் வந்து இறங்கியிருக்கிறார், உன் இரண்டு பிள்ளைகளோடு. ரயிலை விட்டு இறங்கியபோது நீ பார்த்திருக்க வேண்டும். கீழே நாலு முழ வேட்டி, மேலே வெள்ளைக்காரன் தொப்பி. கட்டை வண்டியில் ஏறும்போதும் கழற்றவில்லை. மாடு மிரண்டுவிட்டது. மாட்டுக்கு இருக்கிற அறிவு ஊர்க்காரர்களுக்கு இல்லை. பிஸ்கோத்து டின்னைத் திறந்தார் என்றதும் தெருவே கூடிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் "பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு கடல் தாண்டறான், உருப்படுவானா?" என்று கேட்ட அதே வாய்களில் ஆளுக்கு இரண்டு பிஸ்கோத்து.

அவருக்கு எந்தப் பேச்சும் "எங்க எஸ்டேட்ல" என்று ஆரம்பித்தால்தான் வாயை விட்டு வரும். "எங்க எஸ்டேட்ல குழாயத் திருகினா தண்ணி, மச்சான்" என்றார். "எங்க ஏரியத் திருகாமலே தண்ணி வருது, மாமா" என்றேன். சிரித்தார். ரோஷம் என்பது அந்த மனுஷனிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எதைப் பார்த்து இவர் பின்னால் கப்பல் ஏறினாய் அக்கா?

நீ கிளம்பிய அன்று நான் துறைமுகத்துக்கு வரவில்லை. ஸ்டேஷனுக்கும் வரவில்லை. நாலு வயது சபாபதியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆறு மாதக் குழந்தை மங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ போனாய். நான் மதகடியில் மண்வெட்டியோடு நின்று ரயில் போவதைப் பார்த்தேன். அதற்கு முதல் நாள் உன்னிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "நெல்லு வெளையற மண்ண உட்டுட்டு எவனோ காட்டுல கூலிக்காரன் பேர எழுதப் போறானாம் உன் புருஷன். நீ போனா எனக்கு அக்கா இல்ல." நீ அழவில்லை. "கோவம் தீர்ந்ததும் கடுதாசி போடுடா" என்று மட்டும் சொன்னாய்.

உன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். பத்து வயதுப் பையன் வரப்பில் ஜோடு போட்டு நடக்கிறான். காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்கிறான். அங்கே எல்லாரும் அப்படித்தான் கேட்பார்களாம். மங்கைக்கு இங்கே மிளகாய் உறைக்கிறதாம், மாட்டுச் சாணி நாறுகிறதாம். நம் வீட்டுப் பிள்ளைகளா இவை? முதல் இரண்டு நாள் எனக்கு அவர்களைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. மங்கைக்கு உன் நெற்றி. அதனால் இன்னும் எரிச்சல்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது சபாபதி கேட்டான். "சின்ன மாமா, ஏரியில எனக்கு நீச்சல் கத்துக்குடுக்கறீங்களா?"

"அது இன்னாடா சின்ன மாமா? உங்கம்மாவுக்குத் தம்பின்னு நான் ஒருத்தன்தான்."

"நீங்க சின்ன மாமா. பெரிய மாமா அங்க கீறாரே, முனுசாமி மாமா."

உன் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் மங்கையின் காதைப் பார்த்தேன். அதுவரை கவனிக்காமல் இருந்திருக்கிறேன், மடையன். இரண்டு காதிலும் சின்னத் தோடு.

"யாரு மடியில குந்தி காது குத்திகினே?" என்று கேட்டேன்.

"பெரிய மாமா மடியில. ரொம்ப வலிச்சுது. அவர் கையைக் கடிச்சிட்டேன். இன்னும் தழும்பு கீது, பாக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு, கை இங்கே இல்லை என்பது ஞாபகம் வந்து சிரித்தாள்.

தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இங்கே இருக்கிறேன். என் மடியில் உட்கார வேண்டிய குழந்தை எவன் மடியிலோ உட்கார்ந்திருக்கிறாள். கை கழுவிய கையோடு உன் வீட்டுக்காரரைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். "யாரு அந்த முனுசாமி?"

"நம்ம வெள்ளானூர் முனியன்தான் மச்சான். அஞ்சலையோட அண்ணன். நம்ம ஊட்டு நெலத்துல வேல செஞ்சிகினு இருந்தானே. எங்க எஸ்டேட்ல பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கறான்."

அக்கா, உனக்குத் தெரியாததா? முனியன் நம் களத்தில் நெல் தூற்றியவன். நம் வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவன் கால் பட்டதில்லை. நைனா காலத்தில் கஞ்சியை உயரத் தூக்கி ஊற்ற, அவன் குனிந்து இரண்டு கையில் வாங்கிக் குடிப்பான். நானும் ஊற்றியிருக்கிறேன். அவன் தங்கை அஞ்சலை இன்றைக்கும் என் கழனியில்தான் நாற்று நடுகிறாள். அந்த முனியன் எனக்குப் பெரியவன். நான் அவனுக்குச் சின்னவன்.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது. கடைசியில் ஒன்று சொன்னேன். "புள்ளைங்க ரெண்டும் இங்கதான் இருக்கும். மாமன் உரிமை எனக்கு. நீ தொப்பிய மாட்டிகினு கப்பல் ஏறு." வருகிற வெள்ளிக்கிழமை கப்பல். உன் வீட்டுக்காரர் பெற்ற தகப்பன். "முடியாது" என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல், "யோசிப்போம்" என்றார். தோட்டத்தில் வெள்ளைக்காரன் முன்னாலும் இப்படித்தான் நெளிவாராக்கும். சபாபதி மட்டும் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. மங்கை பெட்டியை விட்டு நகரமாட்டேன் என்று அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அந்த ரோஷமில்லாத மனுஷனுக்கு எங்கிருந்தோ வந்தது ரோஷம். கழனிக்கே வந்து, வரப்பில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். முதல் தடவையாக அவர் பேச்சில் எஸ்டேட் முன்னால் வரவில்லை.

"உங்கக்கா உனுக்கு மூணு கடுதாசி எழுதனாளே, வந்துச்சா இல்லியா?"

வந்தது. மூன்றும் வந்தது. மூன்றையும் படித்தேன். கொட்டாய்க் கூரையில் செருகினேன். மூன்றாவதில் நீ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். "மங்கைக்கு மூன்று வயது ஆகிறது. காது குத்த வேண்டும். உன்னால் இவ்வளவு தூரம் வர முடியாது. நீ போட்டுக்கொள்கிற மேல்துண்டு ஒன்று அனுப்பிவை. அதை யார் மடியிலாவது விரித்துக் குழந்தையை உட்கார வைக்கிறேன். உன் மடி என்று நினைத்துக்கொள்கிறேன்." ஒரு துண்டு. அதைத்தான் கேட்டாய். கடல் தாண்டிப் போனவளுக்குத் துண்டு ஒரு கேடா என்று சொல்லிவிட்டு மாட்டைத் தண்ணிக்கு ஓட்டினேன். பெரிய வீரன் நான்.

"மூணு மாசம் பாத்தா. தபால்காரன் வந்தா ஓடுவா" என்றார் உன் வீட்டுக்காரர். "அங்க தஞ்சாவூரான், சேலத்தான், மலையாளத்தான்னு எல்லாரும் கீறாங்க. நம்ம ஊருன்னு முனுசாமி ஒருத்தன்தான். 'எங்க ஏரித் தண்ணி குடிச்சவன் நீ, நீதான் எனக்கு அண்ணன்'னு சொல்லி அவனக் குந்தவெச்சா. அவன் நடுங்கிட்டான் மச்சான்."

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வரப்புக்கு நகர்ந்தேன். அவர் விடவில்லை. அடுத்ததையும் சொன்னார். அதைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

"குளிர் காய்ச்சல்ல அவ பூட்டப்போ உனுக்குத் தந்தி குடுத்தேன். ஒடம்பத் தூக்கணும். பொறந்த ஊட்டுக் கோடி எங்கன்னு நாலு பேரு கேக்கறான். கோடி போடாம எப்பிடித் தூக்கறது? முனுசாமி மூணு மைல் டவுனுக்கு ஓடி சேல வாங்கியாந்தான். வாங்கியாந்து வாசல்லயே நின்னுகினான். உள்ள வரல. 'ஆண்டே ஊட்டுப் பொண்ணு, நான் போடலாமா, சின்ன ஆண்டே கேட்டா இன்னா சொல்லுவாரு'ன்னு அழுவறான். அவ போறதுக்கு மின்ன சொல்லிட்டுதான் போனா, அவன்தான் போடணும்னு. நான்தான் கையப் புடிச்சி உள்ள இஸ்தாந்தேன்."

அந்தச் சமயத்திலும் அவன் பயந்தது எனக்குத்தான். ஆயிரம் மைலுக்கு இப்பால் கோபத்தை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு. நீ செத்துக் கிடக்கிறாய், உன் மேல் சேலை போட ஆளில்லை, போட வந்தவன் என்னை நினைத்து வாசலில் நிற்கிறான். தூ! எனக்கே என் முகத்தில் துப்ப வேண்டும்போல் இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

"புள்ளைங்களுக்கு ரெண்டு மாமன்னு சொல்லித்தான் வளத்தா" என்றார் அவர். "பெரியவர் இங்க, சின்னவர் ஊர்ல, கோவக்காரரு, ஆனா நல்லவருன்னு." நல்லவராம். உனக்கு எப்போதுமே ஆளைத் தெரியாது அக்கா.

மறுநாள் காலை பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வெள்ளானூருக்கு நடந்தேன். முனுசாமி தன் தங்கைக்கென்று கொடுத்தனுப்பிய சேலை உன் வீட்டுக்காரர் பெட்டியில் மடித்தபடியே கிடந்தது. நான்தான் அவரைச் சேரிப்பக்கம் போகக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டேன். வழியில் பார்த்தவன் எல்லாம் "இன்னா ஏகாம்பரம், அந்தப் பக்கம்?" என்றான். என் காலால் நான் போகிறேன், உங்களுக்கென்னடா என்றேன்.

அஞ்சலை குடிசை வாசலில் நின்று சேலையை நீட்டினேன். அவள் பெரிய மாமாவின் தங்கை என்று தெரிந்ததும் பிள்ளைகள் ஜோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டார்கள். சாணி நாறுகிறது என்ற மங்கை, உள்ளே கேழ்வரகு அடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். அஞ்சலையின் மகள் கதவோரம் நின்றாள். ஐந்து வயது இருக்கும். காதில் ஈர்க்குச்சிகூட இல்லை.

"இதுக்கு ஏன் இன்னும் காது குத்தல?" என்றேன்.

"எங்க அண்ணன் வரட்டும்னு வெச்சிருக்கேன் ஆண்டே. அது எப்ப வரப்போவுதோ."

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "உங்கண்ணன் எங்க ஊட்டுக் கொழந்தைக்கு மடி குடுத்தான். உன் கொழந்தைக்கு நான் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். பெரிய தர்மப்பிரபு மாதிரி வாசலில் நின்றபடி.

அஞ்சலை சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கழனியில் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியும், நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வைதான்.

"வாசல்ல நின்னுகினு மடி குடுக்க முடியாது ஆண்டே" என்றாள். "உள்ள வந்து குந்துவீங்களா?"

பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அதுதான் உன் தம்பியின் லட்சணம்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போகிறார்கள். நான் தடுக்கவில்லை. அவர்களுக்கு அங்கே வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, மாமன் இருக்கிறான். சபாபதியின் பெட்டியில் என் மேல்துண்டை மடித்து வைத்துவிட்டேன். மூன்று வருஷம் பிந்திப் போகிறது. "இத உங்க பெரிய மாமா கையில குடு, நான் குடுத்ததா சொல்லு" என்றேன். "நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, சின்ன மாமா" என்றான். என்ன எழுதுவது அவனுக்கு? அண்ணன் என்றா? இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். மூன்றாவதில் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை துறைமுகத்துக்கும் வருகிறேன் அக்கா. தொப்பிக்காரர் பெட்டியை நானே தூக்குகிறேன், தொலையட்டும்.

தை பிறந்ததும் அஞ்சலை மகளுக்குக் காது குத்திவிடலாம் என்று இருக்கிறேன். நான் வாசலில் சொன்னது அதற்குள் பரவி, ஊர் என்னைத் தள்ளிவைக்கும் என்கிறார்கள். பிஸ்கோத்துக்கு வரிசையில் நின்ற ஊர், தள்ளிவைத்துக்கொள்ளட்டும். அஞ்சலையிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், அச்சிலும் ஏறட்டும், பின்வாங்க முடியாமல் போகட்டும்: குனிந்து அந்த வாசலுக்குள் போவேன். தரையில் உட்காருவேன். அந்தப் பெண் என் கையைக் கடித்தாலும் எழுந்திருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் சின்ன மாமன்,
ஏகாம்பரம்