நாலாவது நாற்காலியும் என் டிராகன்களும்

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா இன்று என்னை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். ஏறினேன், இறங்கினேன். கால் நல்லாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்றார். இப்படித் தேறிய முழங்காலை அவர் பார்த்ததே இல்லையாம். வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கால் அல்லவா! ஒருமுறை கப்பலையே அரை அடி தூக்கியிருக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை. வாசல் வந்ததும் நொண்ட ஆரம்பித்தேன். கால் சரியாகும்வரை இருங்கள் என்றுதானே தங்கச்சி கூட்டிவந்தாள். சரியாகிவிட்டால்? சலவைக்கடைக்கு மேலே அந்த ஒற்றை அறை. அங்கே நான் பேசினால் கேட்கச் சுவர்தான் இருக்கிறது. சுவருக்கும் என் கதையெல்லாம் மனப்பாடம்.

ஜூன் 7, சனி

சனிக்கிழமை சாயங்காலம் இந்த வீட்டில் சீட்டாட்டம். சாதாரணச் சீட்டு இல்லை. மந்திரவாதி, பூதம், டிராகன் படம் போட்டது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தங்கச்சி மகள் கொண்டுவந்த பழக்கம். அவரவர் சேர்த்த கட்டு, ஆளுக்கு இருபது உயிர். நாலு பேரில் கடைசிவரை சாகாமல் இருப்பவர்தான் ஜெயித்தவர். எதிர்வீட்டுக்காரர் வேலை மாறிப் போனதால் நாலாவது நாற்காலி எனக்குக் கிடைத்தது. அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மகளின் சீட்டுக்கட்டில் குட்டிப் பேய்கள். மலிவு, வேகம், கும்பலாக வந்து கடிக்கும். தங்கச்சி கட்டு முழுக்கத் திருடர்கள். நம் சீட்டை எடுத்து நம்மையே அடிப்பாள். சின்ன வயதிலும் அப்படித்தான். தங்கச்சி புருஷன், எங்கள் மாப்பிள்ளை, செயற்கைப் பல் செய்கிறவர். ஊருக்கெல்லாம் வாய் நிறையப் பல் கொடுத்துவிட்டுத் தன் வாயைத் திறக்கவே மாட்டார். அவர் கட்டில் கோட்டைச் சுவர்களும் வைத்தியர்களும்.

நான்? டிராகன். எல்லாமே டிராகன். ஒன்றை இறக்க ஏழு மந்திரக்கல் சீட்டு சேர வேண்டும். "மாமா, கல்லு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க" என்று கெஞ்சுகிறாள் மகள். கல்லுக்கு இடம் விட்டால் டிராகன் குறையுமே!

ஏழாவது கல் வரட்டும், மூன்று பேரையும் ஒரே மூச்சில் பொசுக்குகிறேன் என்று அறிவித்தேன். மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பொசுக்கினார்கள். மாப்பிள்ளை ஜெயித்தார். முதலில் செத்தவர் தேநீர் போட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். என் காலுக்காகத் தங்கச்சியே போட்டாள். கால் நீட்ட முக்காலி வேறு. இப்படித் தாங்குகிறார்களே, நான் என்ன செய்துவிட்டேன்?

ஜூன் 8, ஞாயிறு

நொண்டுவது இடது கால். இடது. மறக்கக் கூடாது.

ஜூன் 14, சனி

யுத்தியை மாற்றினேன். வாயே திறப்பதில்லை என்று உட்கார்ந்தேன். "அண்ணன் பேசலைன்னா கையில ஏதோ பெரிசா வெச்சிருக்கு" என்றாள் தங்கச்சி. பாய்ந்துவிட்டார்கள். கையில் ஒரு கல்கூட இல்லை. முதல் சாவு நான். தேநீர் தங்கச்சி. ஜெயித்தது மாப்பிள்ளை.

ஜூன் 17, செவ்வாய்

அறைச் சொந்தக்காரர் தங்கச்சிக்குப் போன் செய்தாராம். இந்த மாசத்துக்குள் திரும்பி வருகிறேனா, வேறு ஆளுக்கு விடட்டுமா என்று. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். என்னத்தச் சொல்றது? இழுத்துப் பிடிக்கிறது என்றேன். உடனே வெந்நீர்ப் பை கொண்டுவர ஓடினாள். ச்சே. இவளிடமா பொய் சொல்வது — வேறு ஆள் கிடைக்கவில்லையா எனக்கு?

ஜூன் 21, சனி

இன்று கல் கல்லாக வந்தது. வழக்கம்போல் வாய்விட்டேன், வழக்கம்போல் அடி விழுந்தது. இரண்டே உயிர் மிச்சம். அப்போது வந்தது ஏழாவது கல்! டிராகன் இறங்கியது. ஒரே மூச்சு — பேய்க் கூட்டம் சாம்பல், திருடர் கூட்டம் சாம்பல், தாயும் மகளும் அவுட். நானும் மாப்பிள்ளையும் மட்டும். கடைசி இரண்டு பேரில் நான்!

துள்ளி எழுந்தேன். மேஜையைச் சுற்றி ஆடினேன். ஒற்றைக் காலில் ஆடினேன். இடது காலில்.

தங்கச்சி என் முழங்காலையே பார்த்தாள். மாப்பிள்ளை நிதானமாக ஒரு வில்லாளியைச் சுவர்மேல் வைத்து என் இரண்டு உயிரையும் எடுத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"மச்சான், போன வாரம் பூரா வலது கால்லதான் நொண்டுனீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சத்தம் போட்டு எல்லா அடியையும் வாங்கிக்கிறீங்க, அதனாலதான் நான் வாராவாரம் ஜெயிக்கிறேன். உங்களை அனுப்பிட்டு நான் என்ன பண்றது? காலை விடுங்க, அது பாட்டுக்கு நடக்கட்டும்."

இத்தனை வருஷத்தில் அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான். தங்கச்சி வெந்நீர்ப் பையை என்மேல் எறிந்தாள். நல்லவேளை, காலிப் பை.

ஜூன் 22, ஞாயிறு

கிளம்பிவிடுவதுதான் மரியாதை என்று பெட்டியைத் தேடினேன். தங்கச்சி அதில் போர்வைகளை அடுக்கி வைத்துவிட்டாளாம். வேறு இடம் இல்லையாம். அலமாரி பாதி காலியாக இருப்பதை நான் பார்த்தேன். சொல்லவில்லை.

ஜூலை 5, சனி

அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். முக்காலி அடுக்களைக்குப் போய்விட்டது. என் சீட்டுக்கட்டில் கல் எதுவும் கூட்டவில்லை. மூன்று பேரையும் பொசுக்குவேன் என்று அறிவித்தேன். முதல் ஆளாகச் செத்தேன்.

எழுந்து போய்த் தேநீர் போட்டேன். நாலு கோப்பையையும் ஒரே தட்டில் தூக்கி வந்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கப்பல் தூக்கிய கை! சரி, மாப்பிள்ளை கோப்பையில் மட்டும் கொஞ்சம் சிந்தியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.