மஞ்சள் சட்டையும் மூதூர் லோஞ்சும்

மாமி,

நேற்று மகளுக்குச் சட்டை தைக்கத் துணி எடுக்கப் போனேன். கடைக்காரர் மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட துணியொன்றை மேசையில் விரித்தார். புதுத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. "இது வேண்டாம், வேற நிறம் காட்டுங்கோ" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அந்த மனிதர் என்ன பிழை செய்தார்? நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள். நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. நான் எரிந்து விழுந்தால் சிரிக்க இப்போது யாருமில்லை.

நான்கு வயதில் அந்த நிறத்துச் சட்டையோடுதான் உங்களிடம் வந்து சேர்ந்தேனாம். மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்து, சனம் அக்கரைக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏற இடிபட்ட நாள். நெரிசலுக்குள் என் அம்மா என்னைத் தூக்கி, ஏற்கெனவே ஏறியிருந்த உங்கள் கையில் தந்து, "இவளைக் கொஞ்சம் பிடியுங்கோ, தம்பியைத் தூக்கிக்கொண்டு வாறன்" என்று திரும்பிப் போயிருக்கிறா. லோஞ்சு வெளிக்கிட்டுவிட்டது. ஊர் எதுவென்று கேட்டதற்குக் கட்டைபறிச்சான் என்றேனாம். அம்மாவின் பெயரைக் கேட்டதற்கு "அம்மா" என்றேனாம். அதோடு சரி.

நீங்கள் ஆஸ்பத்திரித் தையல் அறையில் வேலை செய்த தனி மனுசி. வெள்ளிக்கிழமைகளில் லோஞ்சு ஓடினால், வேலை விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு, மூதூர் லோஞ்சு வந்து அணையும் ஜெட்டித் துறைக்குப் போவீர்கள். வாசல் சென்றிக் காவலில் நேவிக்காரன் பையைக் கிண்டி முடிக்கும்வரை நின்று, உள்ளே போய், கயிறு கட்டும் கட்டையில் என்னை ஏற்றிவிடுவீர்கள். "நிமிர்ந்து நில் பிள்ளை. வாற சனத்துக்கு முகம் தெரியவேணும்." கடைசியாகக் கண்ட சட்டையில் நின்றால்தான் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியும் என்பது உங்கள் எண்ணம். நான் வளர வளர அதே மஞ்சள், அதே புள்ளி, வருடத்துக்கு ஓர் அளவு கூட்டித் தைத்தீர்கள். சண்டையில் பாதை பூட்டிக் கடைகளில் அந்தத் துணி வராத வருடம், வெறும் மஞ்சள் துணியில் வெள்ளை நூலால் ஒவ்வொரு புள்ளியாக நீங்களே போட்டீர்கள்.

எனக்கோ, சந்தையில் வைத்த பூசணிக்காய் மாதிரி நிற்பதாகத்தான் இருந்தது. யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று வைத்திருக்கிறீர்கள் என நினைத்தேன். எந்த வெள்ளிக்கிழமையும் கடைசி வெள்ளிக்கிழமையாகலாம். அதனால் உங்கள் அலுமாரியில் எனக்கென்று ஒதுக்கிய தட்டில் ஒரு துணியும் நான் வைக்கவில்லை. எல்லாம் கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் கிடந்தன. நீங்கள் அந்தத் தட்டை வெறுமையாகவே துடைத்து வைத்தீர்கள்.

பதின்மூன்று வயதில் வெடித்தேன். "என்னை ஆரின்ர தலையிலயாவது கட்டிவிடத்தானே பாக்கிறீங்கள்? இனி ஏலாது, நான் வரமாட்டன்." அடுத்த வெள்ளி, சட்டையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு தனியாகப் போனீர்கள். இறங்கி வருபவர்களுக்கெல்லாம் அதை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றீர்கள் என்று பக்கத்து வீட்டு ராசம்மாக்கா வந்து சொன்னா. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்தானே.

சண்டை கொஞ்சம் ஓய்ந்த காலத்தில், பதினேழு வயதில், உங்களுக்குச் சொல்லாமல் நானே பையைத் தூக்கிக்கொண்டு கட்டைபறிச்சானுக்குப் போனேன். வீடு வீடாகக் கேட்டேன். ஒருவர், அப்படியொரு தாயும் மகனும் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியதாகக் கேள்வி என்றார். இன்னொருவர், அன்றைக்கே துறையில் முடிந்துபோனார்கள் என்றார். "ஆரின்ர பிள்ளை நீ?" என்று ஒரு மனுசி கேட்டா. கதிரை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள், விருந்தாளிக்குத் தருவதுபோல. எதிர்ப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் என் மூக்கைத் தேடிக் களைத்து, பின்னேர லோஞ்சில் திரும்பினேன்.

ஜெட்டியில் நீங்கள் நின்றீர்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை. கட்டிலுக்குக் கீழே பையைக் காணவில்லை என்றதும் ஓடி வந்து, காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறீர்கள்.

"அங்க ஒருத்தருமில்லை மாமி. இனி என்னை ஆரிட்டை குடுப்பீங்கள்?" என்று அழுதேன்.

நீங்கள் என் பையை வாங்கித் தோளில் போட்டீர்கள். கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னீர்கள். "லோஞ்சு வாற நேரமெல்லாம், அவ அதில வரக்கூடாதெண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டுதான் நிண்டனான். ஒரு தாயை அப்பிடி நினைச்சது பாவமெண்டு, அடுத்த கிழமையும் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், மாமி? பசிக்குது என்றேன். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றோம். பிறகு பையில் கிடந்ததையெல்லாம் அலுமாரித் தட்டில் அடுக்கினேன். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பக் கழுவப் போனீர்கள்.

பெற்றவளுக்கு இன்றுவரை நான் ஒரு கிரியையும் செய்யவில்லை. இருக்கிறாவோ இல்லையோ தெரியாமல் எப்படிச் செய்வது? இப்போதும் கரையில் இறங்குகிற வயதான பெண்களின் முகங்களைப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் என்னை விடாது. ஆனால் போன சித்திரைப் பூரணைக்கு, தாயை இழந்தவர்கள் பிடிக்கிற விரதத்தை முதன்முதலாகப் பிடித்தேன். கோயில் வாசலில் ராசம்மாக்கா மறித்தா.

"பெத்தவ செத்தது தெரிஞ்சுபோச்சோ பிள்ளை?"

"இல்லை அக்கா. மாமிக்குப் பிடிக்கிறன்."

"மாமிக்கு ஆரும் இந்த விரதம் பிடிக்கிறதோ?"

"இல்லைத்தான்" என்றேன். தாயில்லாதவர்களின் வரிசையில் போய் இருந்தேன்.