கறுப்புச் சாயமும் மூன்று டியூபும்

ஆவணி 3, செவ்வாய்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் புழுக்கம். கறுப்புக் கலர் ஆர்டர் முடிந்தது. பட்டு நூல் பளபளவென்று வந்திருக்கிறது. என் கையும் அப்படியே, மணிக்கட்டு வரை. கையுறை போட்டால் நூல் பிடிபடாது என்று சொல்லிச் சொல்லியே இருபத்திரண்டு வருடம் சாயத் தொட்டியில் வெறுங்கை.

ஞாயிறு மகள் வினோவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு முசரவாக்கம். தட்டு மாற்ற வேண்டியது பெண்ணைப் பெற்ற நான். வீட்டுக்காரி மஞ்சு என் கையைப் பார்த்தாள்.

"நல்ல நாள்ல கறுப்புத் துணியே உடுத்த மாட்டோம். இந்தக் கையோட தட்டு மாத்துவியா? உங்க அண்ணனை மாத்தச் சொல்லுய்யா."

ஒரே மகள். அண்ணன் மாற்றுவதா? சோறு இறங்கவில்லை. (இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அது வேறு.)

ஆவணி 4, புதன்

நல்ல வெயில். புத்தி வேலை செய்தது. தப்பான கலர் ஏறிய பட்டை என்ன செய்கிறோம்? வெந்நீரில் வெளுப்புப் பவுடர் கலந்து, முக்கிக் கலரை இறக்குகிறோம். கைத்தோல் பட்டைவிடக் கெட்டிதானே. ஒரு வாளி, ஒரு பிடி பவுடர், இரண்டு கை. பத்து நிமிஷம்.

கறுப்பு போனது. கூடவே தோலும். அங்கங்கே சிவப்பு, அங்கங்கே வெள்ளை. தண்ணீர் பட்டால் மிளகாய்.

வினோ வேலை பார்ப்பது மெடிக்கல் ஷாப்பில். வந்தவள் பையைக்கூட வைக்காமல் கத்தினாள்.

"ஏம்பா, உன் கை என்னா நூல் கழியா, முக்கி எடுக்கிறதுக்கு?"

தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டார், "பவுடர் எவ்வளவு போட்டீங்க?" அளவு சொன்னேன். அப்புறம் சிரித்துவிட்டார். தொத்து வியாதி இல்லையாம். பார்த்தால் தொத்து வியாதி மாதிரித்தான் இருக்கிறது.

ஆவணி 6, வெள்ளி

வினோ போட்ட சட்டம்:
சுடுதண்ணீர் கூடாது.
துணி சோப்பு கூடாது. (அப்போ இத்தனை வருடம் நான் குளித்தது?)
துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்ற வேண்டும். ஈரம் காய்வதற்குள் க்ரீம்.
வெயிலில் போகுமுன் வேறொரு க்ரீம், முகத்துக்கும்.
பட்டறையில் கையுறை. பேச்சே கிடையாது.

கை மருந்து போக டியூப் மூன்று: ஈரத்துக்கு, வெயிலுக்கு, முகம் கழுவ. மூன்றும் வெள்ளை. எழுத்தெல்லாம் எறும்பு. முகம் கழுவுகிறதை வெயில் க்ரீம் என்று பூசிக்கொண்டு பட்டறைக்குப் போனேன், மேற்பார்வை மட்டும் பார்க்க. தொட்டி ஆவியில் வேர்த்ததும் நுரை.

"என்னாண்ணே, பாதி ஷேவிங்கோட வந்துக்கினு இருக்கீங்க?" என்றான் கூட வேலை செய்யும் பாபு.

மஞ்சு மறுபடியும்: "கறுப்பா இருந்தாலாவது சாயம்னு சொல்லலாம். இது என்னமோ நோவு மாதிரி இருக்குது. அவங்க பயந்துப்பாங்க."

கறுப்பாகவே விட்டிருக்கலாமோ? சொல்லிவிடுவதா, மறைப்பதா? மறைத்தால் நாளைக்குக் கேள்வி மகளுக்குத்தானே? ஒன்றும் புரியாமல் அண்ணனிடமே தட்டு மாற்றச் சொல்லிவிட்டேன். உடனே சரி என்றான். அவ்வளவு சீக்கிரம் சரி என்றிருக்க வேண்டாம்.

ஆவணி 8, ஞாயிறு

மேகமூட்டம். மாடியில் பந்தல். அண்ணன் புது வேட்டியில். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்கூலுக்கு லேட்டாக வந்தவன் மாதிரி ஓரமாக.

"பொண்ணைப் பெத்தவரு வாங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. விவசாயி. அண்ணன் எழுந்தான்.

மணையில் உட்கார்ந்தபடியே வினோ, "அவரு எங்க பெரிப்பா. எங்கப்பா அதோ பின்னால நிக்கிறாரு."

முன்னால் போய்க் கையை நீட்டிக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன், பவுடர் அளவு உட்பட.

மாப்பிள்ளையின் அம்மா, "தொத்துமா?"

"தொத்தாதுங்க அத்தை. புத்தி கொஞ்சம் ஜாஸ்தியானா மட்டுந்தான் வரும்" என்றாள் வினோ. சிரிப்பு. அண்ணன் உட்கார்ந்துவிட்டான்.

சம்பந்தி குனிந்து பார்த்தார். "எரியுதா?"

"லேசா."

"பித்தளைத் தட்டு, வெயிட்டு. நீ சும்மா தொட்டுக்கோ சம்பந்தி. அடியில நான் தாங்கிக்கிறேன்."

இரண்டு தட்டு, நாலு கை. எது மேலே, எது கீழே என்றே தெரியவில்லை. முடிந்தது என்று நிமிர்ந்தால் கூட்டத்தில் யாரோ கத்தினார்: "யோவ், அவங்கவங்க தட்டு அவங்கவங்ககிட்டயே இருக்குதுபா!"

மறுபடி மாற்றினோம். இந்தத் தடவை சம்பந்தி தட்டோடு என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எரிந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.