கிளச்சை மிதித்தால் குறையும் சத்தம்

ஆகஸ்ட் 9, காலை 10.40. ஃப்ளைவீல் போல்ட் ஆறு. அதில் நான்கு, விரலால் திருப்பியதும் கழன்று வந்துவிட்டன.

உன் டாக்ஸியின் இன்ஜின் என் பட்டறைத் தரையில் பிரிந்து கிடக்கிறது. போலீஸ் உன் வண்டியை விடுவித்ததும் உன் மச்சான் இங்கேதான் கொண்டுவந்து இறக்கினான். உன் நினைவாக ஒன்றும் நான் இதைப் பிரிக்கவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று பார்த்துவிடத்தான் பிரித்தேன். பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் போய்விட்டது என்றேனே, அதில் ஒரு கீறல்கூட இல்லை. முகம் பார்க்கலாம்.

ஏப்ரலில் உன் பழைய இன்ஜின் போனதும், கோவையில் ஒரு பழைய வண்டி யார்டில் நீயாகவே இந்த செகண்ட் ஹேண்ட் இன்ஜினை வாங்கி வந்தாய். என்னைக் கேட்கவில்லை என்று கோபம். கோபத்தோடுதான் மாட்டினேன். மூன்றாம் நாளே டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தது. ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, பேரிங் அவுட், குப்பையை வாங்கி வந்திருக்கிறாய் என்றேன். ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். பேரிங் போயிருந்தால் அந்த சிலிண்டரின் வயரை எடுத்ததும் சத்தம் அடங்கும். டிப்ளமோ முதல் வருடப் பாடம். பத்து நிமிட வேலை. செய்யவில்லை.

"கிளச்ச மிதிச்சா சத்தம் கொறையுதுடா. கொஞ்சம் பாரேன்" என்றாய்.

"நீ ஸ்டீயரிங்கப் புடி. இன்ஜினு எனக்குத் தெரியும்" என்றேன்.

கிளச்சை மிதித்தால் மாறுகிற சத்தம் கிளச் உட்கார்ந்திருக்கும் ஃப்ளைவீல் பக்கத்துச் சத்தம். அதை மாட்டியவன் நான். பழைய போல்டையே போட்டு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் எடுக்காமல் கை அளவில் இறுக்கியவனும் நான். நீ சொன்னது சரி. பத்தாவது ஃபெயிலானவன் சொன்னதால் என் காதில் ஏறவில்லை.

டூரிஸ்ட் சீசன் முடியட்டும், பிரிக்கலாம் என்றேன். நீ தட்டுகிற வண்டியையே ஓட்டினாய். உள்ளே யார் சுத்தியலால் அடிக்கிறார்கள் என்று ஒரு சென்னைக்காரர் கேட்டாராம். "எங்க மெக்கானிக்குங்க, டிக்கில உக்காந்து வேல பாக்கறாருங்க" என்றாயாம். அதை என்னிடமே வந்து சொல்லிச் சிரித்தாய்.

அடுத்த வாரம் வழி கண்டுபிடித்துவிட்டாய். "எறக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணீட்டா சத்தமே இல்லடா. பின்னால தூங்கிடறாங்க."

இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும், வண்டி நிற்காது. எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அடுத்த வண்டி காத்திருந்தது. பெட்ரோலும் மிச்சம் என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன்.

பர்லியாருக்கு மேல் கொண்டை ஊசி வளைவில் நொறுங்கிய வண்டியிலிருந்து உன்னை எடுத்தபோது சாவி ஆஃபில் இருந்தது. பின்னால் இருந்த இருவரும் கட்டுப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பெட்ரோலுக்கு ஆசைப்பட்டுச் செத்தான் என்று டாக்ஸி ஸ்டாண்டில் பேச்சு. உன் மனைவியும் அதையே நம்பி உன் போட்டோவைத் திட்டுகிறாள். டீ குடித்துக்கொண்டே நானும் தலையாட்டியிருக்கிறேன்.

இனி செய்யப்போவது:

1. இன்று மதியம் காந்தலில் உன் வீட்டுக்குப் போய், உன் மச்சானும் இருக்கும்போது, உன் மனைவியிடம் நடந்ததைச் சொல்வது. அவள் புருஷன் கஞ்சன் இல்லை. கஸ்டமர் முன்னால் கூச்சப்பட்டான், அவ்வளவுதான்.

2. நாளைக் காலை ஸ்டாண்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் அதையே சொல்வது.

3. போலீஸில் எழுதிக் கொடுப்பது. வழக்கு என் பக்கம் திரும்பினால் திரும்பட்டும்.

4. உன்னிடம் மன்னிப்புக் கேட்காமல் இருப்பது. கேட்டால் உடனே கொடுத்துவிடுவாய். அந்த இளிச்சவாய்த்தனத்தால்தான் செத்தாய்.