கைக் கம்பியும் மோட்டார் கம்பியும்

மார்ச் 3

மேல் கடைவாய்ப் பல் மறுபடியும் முனகுகிறது. பல் டாக்டருக்கே பல்வலி என்று வீட்டுக்காரருக்குக் காலையிலிருந்து சிரிப்பு. சிரிக்கட்டும்.

பல் மருத்துவக் கல்லூரியில் என் துறையின் இளைய சகா பார்த்துவிட்டு, வேர் சிகிச்சைதான் என்றாள். நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்திருக்கிறாள். இனி வேர்க்குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குக் கையால் திருகும் கம்பியா, மோட்டாரில் சுழலும் கம்பியா?

"கையாலயே செய்" என்றேன்.

"இன்னுமா மேடம்? மெஷின்னா சட்டுனு முடிஞ்சிரும்."

"சீக்கிரம் முடிஞ்சா கிருமி செத்துருமா?"

"செத்துரும்னு காட்டினா ஒத்துக்குவீங்களா?"

ஒத்துக்கொண்டேன். பிடுங்கிய பற்களில் சோதனை. எதில் கிருமி குறைகிறதோ, அதுதான் என் பல்லுக்கு.

மார்ச் 7

பற்களின் வேர்க்குழாய்களில் கிருமியை விட்டாயிற்று. இனி அது வளர வேண்டும். என் பல்லில் வலி இல்லை. அவசரமும் இல்லை.

மார்ச் 28

பாதிப் பற்களை நான் கையால் சுரண்டினேன். பாதியை அவள் மோட்டாரால். அவள் முடித்துக் காப்பி குடித்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். "உதவி வேணுமா மேடம்?" கிண்டல்தான். எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 30

குழாய்களில் மிஞ்சியதை எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் பூசியிருந்தோம். நான் சுரண்டிய பற்களில் கிருமி மிகக் குறைவு. அவள் தட்டுகளில் புள்ளி புள்ளியாக முளைத்துக் கிடக்கிறது. அவள் முகம் தொங்கிப்போயிற்று. நான் அடக்கமாக இருந்தேன். வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

மார்ச் 31

சிரித்திருக்கக் கூடாது. எனக்குச் சாதகமாக வரும் எதையும் நான் நம்புவதில்லை. இதை மட்டும் ஏன் நம்பினேன்?

ஒவ்வொரு கம்பி மாற்றும்போதும் குழாயைக் கிருமிநாசினியால் கழுவுவோம். கைக்குப் பல கம்பிகள். மோட்டாருக்கு இரண்டோ மூன்றோ. அப்படியானால் நான் சுரண்டிய பற்கள் கூடுதலாகக் குளித்தே எழுந்திருக்கின்றன! ஜெயித்தது கையா, கழுவலா?

அவளிடம் சொன்னேன். "ஜெயிச்சதுக்கப்புறம் யாராவது இப்படிக் கிளறுவாங்களா மேடம்?" என்றவள், அடுத்த நிமிடமே புதுப் பற்களை எடுத்து வைத்தாள்.

ஏப்ரல் 12

ஒன்றுமில்லை. கிருமி வளர்கிறது.

ஏப்ரல் 27

இம்முறை இருவருக்கும் ஒரே அளவு கிருமிநாசினி. தட்டுகளில் சொல்லும்படி வித்தியாசமில்லை. எதிலும் கிருமி அடியோடு போகவுமில்லை. ஒரு சோதனையை வைத்து முடிவு கட்ட மாட்டேன். ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

"இப்ப உங்க பல்லு?"

"ரெண்டும் ஒண்ணுன்னா மெஷினாலேயே செய். கழுவறதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது."

ஏப்ரல் 29

அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்போடு அவள் நாற்காலியில் படுத்திருந்தேன். மோட்டார் மெல்ல இரைந்தது. சட்டென்றுதான் முடித்தாள், பிறகு கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

"போதுமா மேடம்?"

பேச வழியில்லை. ஒரு விரல் காட்டினேன்: இன்னும் ஒரு தடவை.

சிரித்துக்கொண்டே ஊசிக்குழாயை மறுபடி நிரப்பினாள்.