மன்றாட்டுப் பெட்டி

டிசம்பர் 4

பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நூற்றுப் பதினெட்டு டோக்கன் கூப்பிட்டேன். மாலையில் கோயிலில் புனித லூசியா நவநாள் தொடங்கியது. சனங்கள் எழுதிப் பெட்டியில் போடும் மன்றாட்டுகளை ஒன்பது நாளும் நான்தான் வாசிக்க வேண்டுமாம். "உங்க குரல் கணீர்னு இருக்கும்மா" என்றார் பங்குத்தந்தை. மறுக்கவும் சோம்பலாக இருந்தது. கண்புரை, பரீட்சை, பிள்ளை வரம். யாரும் பெயர் எழுதுவதில்லை. வாசித்தேன். ஒன்றும் உறைக்கவில்லை.

டிசம்பர் 5

கொழுந்தன் போன் செய்தார். "அண்ணி, திருவிழா முடிஞ்ச மறுநாள் வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுறேன். எத்தனை நாளைக்கு நீங்களே பாத்துப்பீங்க?"

சரி என்றேன். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம். மகன் இல்லாத வீட்டில் மருமகளோடு அத்தைக்கு என்ன இருக்கிறது? அத்தையிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 7

ஆர்கன் வாசிப்பவர் கிண்டல் செய்தார். "அக்கா, டோக்கன் கூப்பிடுற மாதிரியே படிக்கிறீங்க. யாராவது எந்திரிச்சு வந்துடப் போறாங்க!" சிரித்து வைத்தேன்.

டிசம்பர் 8

ஒன்றுமில்லை.

டிசம்பர் 9

அத்தை புடவைகளை மடித்துப் பையில் அடுக்குகிறார். உதவட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா, நீயே வேலைக்குப் போயிட்டு வந்திருக்க, உக்காரு." ஆறு மாதமாக ஒருவரை ஒருவர் விருந்தாளி மாதிரி நடத்துகிறோம். எரிச்சல்கூட வரமாட்டேன் என்கிறது. மரக்கட்டை ஆகிவிட்டேனா?

டிசம்பர் 11

ஐந்தாவது சீட்டு. வழக்கம்போல முன்கூட்டிப் பார்க்காமல் வாசித்துவிட்டேன் —

"சின்ன மகன் வந்து என்னைக் கூட்டிப் போவதற்குள், 'இங்கேயே இருங்க அத்தை' என்று என் மருமகள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

பாதியிலேயே புரிந்துவிட்டது. ஆனால் நாக்கு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுக்க. நானும் சொன்னேன், பழக்கதோஷம். இரண்டாவது வரிசையில் அத்தை தலையைத் தூக்கவே இல்லை.

வாசிக்கிறது நான்னு தெரிஞ்சுதானே போட்டாங்க! இப்போ ஊரே சேர்ந்து வேண்டிக்கிச்சு. என்கிட்ட நேரா கேட்டா என்னவாம்? சரி — நான் கேட்டேனா? போகணுமா இருக்கணுமான்னு ஒரு வார்த்தை கேட்டேனா?

வீடு வரை பக்கத்தில் பக்கத்தில்தான் நடந்து வந்தோம். 

டிசம்பர் 12

காலையில் சொல்லிவிட நினைத்தேன். "காப்பி வைக்கட்டுமா அத்தை" என்றுதான் வந்தது.

டிசம்பர் 13

திருவிழா. பாட்டுப் பூசை, மெழுகுவர்த்தியோடு பவனி. லூசியா கண் நோய்க்குப் பாதுகாவலி; சுரூபத்தின் கையிலிருக்கும் தட்டில் இரண்டு கண்கள். வரிசையில் நின்று எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். முழந்தாளிட்ட அத்தைக்கு எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுத்துத் தூக்கினேன். அப்போதும் சொல்லவில்லை. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, நாளைக்குத் தனியாக இருக்கப் போகிறேனே என்று பயமாக மட்டும் இருந்தது.

டிசம்பர் 14

கொழுந்தன் பத்து மணிக்கு வந்தார். பையைத் தூக்கினார். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அத்தை எங்கேயும் வரல" என்றேன்.

"என்ன அண்ணி, திடீர்னு?"

"திடீர்னு இல்ல. இங்கேயே இருங்க அத்தை."

கோயிலில் வாசித்த அதே சப்பென்ற குரல்தான். அத்தை என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, "அவனுக்குச் சாப்பாடு போடு" என்று சொல்லி உள்ளே போனார்.

டிசம்பர் 17

அத்தையோடு பெரிய சண்டை. ஈரத்துணியை நாற்காலியில் போட்டுவிட்டேனாம்.

"இது வீடா, சத்திரமா?"

"வேலைக்கு ஓடுறவளுக்கு எத்தனை கை இருக்கு?" நானும் விடவில்லை.

"வாயைப் பாரு! எல்லாம் என் மகன் கொடுத்த இடம்."

இந்த ஆறு மாதத்தில் வீட்டுக்குள் அவர் பேச்சு வந்தது இதுதான் முதல் தடவை.

"ஆமா அத்தை. நெறையத்தான் கொடுத்தார்" என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அத்தையாலும் முடியவில்லை. இரண்டு பேரும் அழுது முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு துணியை அத்தையே எடுத்துக் காயப்போட்டார், திட்டிக்கொண்டே.